மூன்றாம் தண்ணீர்

தீவுப்பகுதிக்கு நியமனம் என்று தெரிந்ததும் உங்களுடைய முகங்கள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளே. என்னுடைய முகமும் அப்படித்தான் போனது. வலிகாமத்துத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். வெங்காயம் தெரியும், புகையிலை தெரியும், கடல் தெரியாது. வள்ளத்தில் கால் வைத்ததும் வாந்தி வரும். நான் கரையில் நின்று கடலைப் பார்த்தாலே சத்தி வருகிறவன் என்று புங்குடுதீவில் ஒரு கதை உலாவியது. அது முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் உங்களைப் போல முழு டொக்டர் இல்லை. உதவி வைத்தியராகப் படித்து வெளியேறியவன். பழைய ஆட்கள் அப்போதிக்கரி என்பார்கள். தீவுச் சனங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து தருகிறவர் டொக்டர் ஐயா, அவ்வளவுதான். அந்த மரியாதைக்குத் தகுந்த மாதிரி நடக்கவேண்டுமே என்ற பயத்திலேயே நான் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

பாம்புக்கடியைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது கொப்பளிப்பான் என்கிற சின்னம்மையைப் பற்றி. அதற்கென்ன, குளிர்மையாகச் சாப்பிட்டால் தானே ஆறிவிடும் என்கிறீர்களா? பெரும்பாலும் ஆறிவிடும்தான். சில வேளைகளில் தோலில் வந்த வைரசு தோலோடு நிற்பதில்லை. கொப்பளம் காய்ந்து எல்லோரும் ஆறுதலாக மூச்சு விடுகிற நேரத்தில் அது தலைக்குள் தன் வேலையைக் காட்டும்.

புங்குடுதீவுக்கு வருவதற்கு முன்னர் நான் ஊர்காவற்றுறைப் பக்கம் வேலை செய்தேன். அப்போது புளியங்கூடலில் ஓர் இளம் பெண்ணுக்குக் கொப்பளிப்பான் வந்தது. கொப்பளம் வாடத் தொடங்கியதும் அவள் தூங்கினாள். பகலிலும் தூங்கினாள். அம்மாள் தாலாட்டுகிறாள், எழுப்பக் கூடாது என்று வீட்டார் கதவைச் சாத்தி வைத்தார்கள். வலிப்பு வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பிறகு ஒவ்வொரு சாமானின் பெயரையும் தேடவேண்டியிருந்தது. தான் உட்கார்ந்திருந்த கதிரையைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு, அதற்கு என்ன சொல்வது என்று என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை இன்னும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகு கொப்பளிப்பான் ஆறிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் தோலைப் பார்ப்பதில்லை. ஆளின் நடையைப் பார்ப்பேன், கதையைக் கேட்பேன், விழித்திருக்கிறாரா என்று பார்ப்பேன்.

இனிக் குலத்தின் கதைக்கு வருகிறேன்.

குலம் என்று நாங்கள் கூப்பிடுகிற குலசிங்கம் புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரன். அவனுடைய தகப்பனார் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. குலம் மனைவி தவமணியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தான். கொஞ்ச நாள் பனங்காணியைப் பார்த்தபடி சும்மா இருந்தான். பிறகு தவமணியின் நகைகளை விற்று ஒரு பழைய மோட்டர் வள்ளத்தை வாங்கி, குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கத் தொடங்கினான்.

ஊர் சிரித்தது. கடைக்காரன் பொடியன் கடலுக்குப் போகிறான், தராசில் வைத்துத் தண்ணீரை நிறுப்பான் என்றார்கள்.  குலம் கடலுக்குள் கல் எங்கே இருக்கிறது, தென்மேற்கிலிருந்து வீசுகிற சோழகக் காற்றுக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒவ்வொன்றாகப் படித்தான். இரண்டு வருசத்துக்குள், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுவதென்றால் குலத்தின் வள்ளத்தைத்தான் தேடவேண்டும் என்று ஊரே சொல்லும்படி செய்துவிட்டான். நானும் அவனோடுதான் போவேன். சுக்கானைப் பிடித்தபடியே என்னைப் பார்த்து, "ஐயா, கண்ணை மூடாதேங்கோ. தூரத்தில கோபுரத்தைப் பாருங்கோ, வயித்தைப் பிரட்டாது" என்பான். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சத்தி எடுப்பேன்.

கரையில் இறங்கினாலும் அவன் காலைக் கொஞ்சம் அகட்டி, ஆடி ஆடித்தான் நடப்பான். வள்ளம் ஓட்டுகிற பலர் அப்படித்தான். "பாரன், கடல் இவன்ர காலில ஏறிட்டுது" என்று யாராவது சொன்னால் குலத்துக்கு உள்ளூரச் சந்தோசம். கடைக்காரன் என்ற பெயர் போய்விட்டதற்கு அவன் கண்ட அத்தாட்சி அது. இந்த நடைதான் பிறகு எல்லோருடைய கண்ணையும் கட்டியது.

எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் இறுப்பிட்டியில் கொப்பளிப்பான் பரவியது. முதலில் குலத்தின் சின்ன மகளுக்கு வந்தது. பிள்ளைக்குச் சுகமாகிற நேரம் தகப்பனைப் பிடித்தது. பெரிய ஆட்களுக்கு வந்தால் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். வாசல் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. அந்த வீட்டில் தாளிதம் இல்லை, மீன் இல்லை, வெளி ஆட்கள் உள்ளே போவதில்லை, மருந்தும் உள்ளே போகாது. கொப்பளம் காய்ந்ததும் முதல் தண்ணீர், பிறகு இரண்டாம் தண்ணீர், பிறகு மூன்றாம் தண்ணீர் என்று நாள் பார்த்து வேப்பிலைத் தண்ணீர் வார்ப்பார்கள். மூன்றாம் தண்ணீரோடு அம்மாள் விடைபெற்றுப் போய்விடுவாள். அதன் பிறகுதான் ஆள் வீட்டை விட்டு வெளியே போகலாம். நான் அங்கே போன புதிதில் இதையெல்லாம் எதிர்த்துப் பிரசங்கம் செய்து தொண்டை வற்றினேன். அந்தப் பேச்சால் ஒரு வேப்பங்கொத்துக்கூட அவிழவில்லை.

ஒரு நாள் காலை மருந்துக்கு வந்த சனங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன புதினம் என்று கேட்டேன். இறுப்பிட்டியிலிருந்து வந்த ஒருவர் எழும்பி நின்றார்.

"ஐயா, எங்கட குலத்துக்கு ரெண்டாந் தண்ணியும் வாத்தாச்சு. ஆனா பாவம், கனநாள் கடலைக் காணாமல் இருந்ததில தரையே கடலாத் தெரியுது போல. வீட்டு வளவுக்குள்ள நடக்கிறான் பாருங்கோ, இப்பிடி!"

நல்ல நடிகர் அவர். காலை அகட்டி வைத்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். வாங்கு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு அவர் சுவரைப் பிடிக்கக் கையை நீட்டுவது போலக் காட்டினார். கை சுவருக்குப் போகவில்லை. சுவரைத் தாண்டி வெறுங்காற்றைப் பிடித்தது.

"ஏன் அப்பிடிப் பிடிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவன் அப்பிடித்தான் ஐயா பிடிக்கிறான். வேலியைப் பிடிக்கப் போய்ப் பிடியாமல் விழுந்தவன். சிலர் வேற மாதிரியும் கதைக்கினம்" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிப்பது போலக் காட்டினார்.

கடலில் நின்றவனுக்குக் கால் ஆடலாம். கை குறி தவறாது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இருந்த ஆட்களைப் பார்த்து அனுப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

படலையில் தவமணி நின்றாள். "ஐயா, குறை நினையாதேங்கோ. அம்மாள் நிக்கிறா. மருந்துப் பையோட உள்ள விடேலாது" என்றாள். எனக்கு வாதாட நேரமில்லை. பையையும் செருப்பையும் படலைக்கு வெளியே வைத்தேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிச் சைக்கிளில் தொங்கவிட்டேன். வாளித் தண்ணீரில் காலைக் கழுவினேன். "இப்ப நான் டொக்டர் இல்லை, பிள்ளை. குலத்தைப் பாக்க வந்த ஆள்" என்றேன். அவள் விலகி வழி விட்டாள்.

குலம் பாயில் இருந்தான். கொப்பளத் தழும்புகள் கறுத்துக் காய்ந்து கிடந்தன. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா...ங்கோ ஐயா" என்றான். சொல் இழுபட்டு, துண்டு துண்டாக வந்தது. வந்தவருக்கு மோர் கொடுக்கவேண்டுமென்று மூக்குப்பேணியைத் தானே எடுத்து நீட்டினான். அந்தக் கை நேரே வரவில்லை. இடது பக்கம் போய், வலது பக்கம் போய், என் கையைத் தாண்டி என் காதடிக்கு வந்தது. மோர் முழுக்க நான் போட்டிருந்த சேட்டில் ஊற்றுண்டது.

"பாத்தியளோ, வருத்தத்தில கை சோர்ந்து போச்சு" என்று சிரித்தான். தவமணி சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கருவி ஒன்றும் இல்லாமல் ஆளைப் பார்க்கவேண்டியிருந்தது. அவனோடு கதைத்தேன். தலையிடி இருக்கிறதா? இல்லை. சத்தி? முதலில் கொஞ்சம், இப்போது இல்லை. பகலில் தூக்கம்? இல்லை. பிறகு, "குலம், நான் ஒரு நாளைக்குத் தனிய வள்ளம் ஓட்டி நயினாதீவுக்குப் போகவேணும். எப்பிடிப் போறதெண்டு சொல்லும் பாப்பம்" என்றேன். அவனுக்குப் பெரிய சிரிப்பு. ஆனால் சொன்னான். எந்தக் கல்லை எந்தப் பக்கம் விடவேண்டும், எங்கே இயந்திரத்தைக் குறைக்கவேண்டும், சோழகத்துக்கு எவ்வளவு விலத்திப் பிடிக்கவேண்டும் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். சொல் இழுபட்டதே தவிர நினைவில் ஒரு பிசகும் இல்லை. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

உங்களுக்கு இது விளங்கியிருக்கும். மூளையின் பின்பக்கத்தில், பிடரிக்கு மேலே இருக்கிற சிறுமூளைதான் நடையையும் கையின் குறியையும் சொல்லின் ஓட்டத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. கொப்பளிப்பானுக்குப் பிறகு சிலருக்கு அதில் அழற்சி வரும். சண்டை முடிந்த பிறகும் உடம்பின் காவல்காரர் சொந்த வீட்டையே அடிப்பது போல ஒரு குழப்பம் அது. குழந்தைகளுக்குத்தான் கூடுதலாக வரும், அநேகமாகத் தானாகவே மாறும். பெரிய ஆட்களுக்கு வருவது குறைவு. அதனால்தான் எனக்குப் பயம். இது அதுதானா, இல்லை மூளை முழுவதும் வீங்கப்போவதன் தொடக்கமா என்று அந்த முற்றத்தில் வைத்து யார் சொல்வது? யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம் என்றால் கோட்டையடியில் சண்டை, பண்ணைப் பாதை மூடிக் கிடந்தது. அராலிப் பக்கமாகச் சிறிய தோணியில் கொண்டுபோகலாம். உண்மையிலேயே மோசமானால் மட்டும் எடுக்கவேண்டிய வழி அது.

இதற்கிடையில் குலம் தன் திட்டத்தைச் சொன்னான். வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீர். அடுத்த கிழமை நயினாதீவுத் திருவிழா தொடங்குகிறது, சனம் அள்ளுண்டு வரும், வள்ளத்தை இறக்கப்போகிறான்.

"இந்தக் காலோடயோ?" என்றேன்.

"தரையிலதான் ஐயா ஆடுது. வள்ளத்தில ஏறினா அந்த ஆட்டமும் இந்த ஆட்டமும் சரியாப் போயிடும்."

பகிடிக்குச் சொல்லவில்லை. முழுமனதாக நம்பினான். ஆடுகிற கடல், கல் நிறைந்த வழி, வள்ளம் நிறையப் பெண்களும் பிள்ளைகளும், சுக்கானில் குறி தவறுகிற ஒரு கை. 

படலை வரைக்கும் தவமணி என்னோடு வந்தாள். அங்கே நின்று அழுதாள். "ஐயா, ஆக்கள் கதைக்கிறதைக் கேட்டு, இவர் நித்திரையா இருக்கேக்க குடி மணக்குதோ எண்டு வாயை மணந்து பாத்தனான். ஒண்டும் மணக்கேல்லை. மணந்து பாத்தேனே எண்டுதான் இப்ப எனக்குத் துக்கமாக் கிடக்கு" என்றாள். அந்தப் பிள்ளையின் நேர்மையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. இறங்குதுறையில் சொல்லி அவனை மறிக்கலாம். அப்படிச் செய்தால், டொக்டரே மறித்துவிட்டார், குடிவெறிதான் என்று அன்றைக்கே முடிவாகிவிடும். அல்லது மூளையில் வருத்தம் என்று உள்ளதைச் சொல்லலாம். நீங்கள் அந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்திருக்கவேண்டும். மூளையில் வருத்தம் என்றால் விசர், பைத்தியம் என்றுதான் அர்த்தம். குலம் சுகமான பிறகும் அவனுடைய வள்ளத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட ஏறாது. கடை போய், நகை போய் மிஞ்சியது அந்த வள்ளமும் அவனுடைய பெயரும்தான். வள்ளத்தைக் காப்பாற்றப் போய்ப் பெயரை நானே கடலில் தாட்டுவதா?

திரும்பவும் உள்ளே போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

"குலம், வெள்ளிக்கிழமை தண்ணி வார்க்கேலாது. அம்மாள் இன்னும் உம்மை விட்டுப் போகேல்லை."

வேப்பிலைக்கு எதிராகத் தொண்டை வற்றப் பேசிய மனிதன் நான். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"உம்மட கை சொல்லுது, கால் சொல்லுது. தோலை விட்டுட்டா, ஓம். உள்ளுக்க நிக்கிறா. மூண்டாந் தண்ணியை நான் சொல்லுற நாளில வாரும். அதுவரைக்கும் வேப்பிலை படலையிலயே இருக்கட்டும்."

அம்மாள் நிற்கிற வீட்டு ஆள் கடலுக்குப் போகமாட்டான். ஏன் போகவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். குலம் முகத்தைத் தொங்கப்போட்டான். ஆனால் தலையை ஆட்டினான்.

இதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது ஆபத்தான வேலை. அம்மாள் பேரைச் சொல்லி நானே அவனை வீட்டுக்குள் பூட்டுகிறேன். நாளைக்கு மோசமானாலும் அம்மாள் நிற்கிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவார்கள். புளியங்கூடல் பெண்ணின் முகம் எனக்கு முன்னால் வந்தது. படலையடியில் தவமணியிடம் உண்மையைச் சொன்னேன். கொப்பளிப்பான் மூளையின் ஒரு மூலையைத் தொட்டிருக்கிறது, மாறும் என்று நம்புகிறேன், நிச்சயமில்லை என்றேன். "ஆனா பிள்ளை, பகலில எழுப்ப ஏலாமல் நித்திரை கொண்டா, திரும்பவும் சத்தி எடுத்தா, தலையிடிக்குதெண்டா, மாறிக் கதைச்சா, அம்மாளும் வேண்டாம் ஆரும் வேண்டாம். உடன என்னட்டை ஓடி வாரும். நானே தோணியில கூட வருவன்."

"நீங்களோ? தோணியிலயோ?" என்றாள். அந்தக் கண்ணீருக்குள்ளும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஓம். நான்தான்."

நோயாளியிடம் மறைத்து மனைவியிடம் சொன்னது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். உங்கள் காலத்தில் வேறு மாதிரிச் செய்ய வழி இருக்கலாம், இருந்தால் அப்படியே செய்யுங்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் மாலையில் அந்த வீட்டுப் பக்கம் போனேன். பையைப் படலையில் வைத்துவிட்டுப் போய் மோர் குடிப்பேன். மோரைக் குலம்தான் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த மாதத்தில் என்னுடைய சேட்டுகளில் புளித்த மோர் மணக்காத ஒன்று கிடையாது. வீட்டில் மனைவி, "ஆசுபத்திரியில வேலையோ, பால் பண்ணையில வேலையோ?" என்று கேட்டாள்.

திருவிழா தொடங்கியது. இறுப்பிட்டியில் இருந்தாலும் காற்று வளத்துக்கு வள்ளங்களின் இயந்திரச் சத்தம் கேட்கும். குலம் முற்றத்தில் இருந்து, இது இன்னாருடைய வள்ளம், இது இன்னாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். ஒரு நாள் சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். கண் நிறைந்துவிட்டது. "உங்கட அம்மாளைக் கொஞ்சம் கெதியாப் போகச் சொல்லுங்கோ ஐயா" என்றான். என்னால் அங்கே இருக்கமுடியவில்லை. ஏதோ வேலை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், உச்சி வெயிலில், தவமணி ஆசுபத்திரிக்கு ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. "ஐயா, நித்திரை கொள்ளுறார். கூப்பிடக் கூப்பிட எழும்புறார் இல்லை!"

நான் சைக்கிளை மிதித்தது எனக்கு நினைவில்லை. போகிற வழியில் தெரிந்த ஒருவரிடம் தோணிக்குச் சொல்லிவிடும்படி கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. வெறும் நம்பிக்கையில் ஓர் ஆளை வைத்திருந்தேனே, முதல் நாளே எப்படியாவது அக்கரைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பையை வெளியில் வைக்கவில்லை. தவமணியும் மறிக்கவில்லை. குலம் பாயில் குப்புறக் கிடந்தான். தோளைப் பிடித்து உலுக்கி, "குலம்!" என்று காது கிழியக் கத்தினேன்.

ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன ஐயா, வள்ளம் தண்ணிக்குள்ள தாண்டு போச்சோ?" என்றான்.

"உம்மட பேரென்ன? இது ஆர்? இண்டைக்கு என்ன கிழமை?"

"குலசிங்கம். என்ர மனிசி. கிழமை தெரியாது, வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சிருக்கிறியள், எப்பிடித் தெரியும்?"

பின்வளவைப் பார்த்த பிறகுதான் விசயம் விளங்கியது. வேலியோரமாக மணலில் ஒரு தடம், மாட்டுவண்டி போனது போலப் பதிந்து கிடந்தது. விடிய முன்னம் எழும்பி, யாருக்கும் தெரியாமல், வேலியைப் பிடித்துப் பிடித்து நேராக நடந்து பழகியிருக்கிறான். என்னையும் அம்மாளையும் ஏமாற்றி வள்ளத்தில் ஏறுவதற்காக! களைத்து விழுந்து தூங்கியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கு அறைந்திருப்பேன். அதற்குப் பதிலாக அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தவமணி குசினிக்குள் போய்ச் சத்தமாக அழுதாள்.

பிறகு அந்த நடையையே வைத்தியமாக்கினேன். ஆனால் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், தவமணி பக்கத்தில் வரவேண்டும் என்று கட்டளை. மணலில் பதிந்த தடம் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டு வந்தது. சொல்லின் இழுவை குறைந்தது. மோர் சேட்டிலிருந்து என் கைக்கு இறங்கி, பிறகு பேணிக்குள்ளேயே நிற்கத் தொடங்கியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு மாலை, மூக்குப்பேணி நேரே வந்து என் கையில் உட்கார்ந்தது. நான் குடிக்கவில்லை. தவமணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாளைக்குத் தண்ணி வாருங்கோ" என்றேன்.

மூன்றாம் தண்ணீருக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். வேப்பிலை போட்ட வாளியைக் கிணற்றடியிலிருந்து அவனே தூக்கி வரவேண்டும், வாய்மட்டத்துக்கு நிறைந்திருக்கவேண்டும். குலம் தூக்கினான். நாங்கள் ஒருவரும் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. வாளியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தளும்பியது, ஆனால் சிந்தவில்லை. அவன் வாளியை இறக்கி வைத்ததும் சின்ன மகள் கைதட்டினாள். படலையில் சருகாகிப் போயிருந்த வேப்பிலையை நானே அவிழ்த்தேன்.

அடுத்த நாள் முதல் ஓட்டம். ஓர் ஆளைச் சுகம் என்று சொல்லிவிட்டுக் கரையில் நிற்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. வெறும் வயிற்றோடு குறிகட்டுவானுக்குப் போனேன். வள்ளத்தில் முதல் ஆளாக ஏறவேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. முன் பலகையில் தவமணி இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு ஏற்கனவே இருந்தாள்.  எனக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தாள், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சனங்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

நல்ல சோழகம். பாதி வழியில் எனக்குத் தொடங்கிவிட்டது. நான் வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டிருக்க, பின்னால் குலத்தின் குரல் கேட்டது: "ஐயா, இந்தாங்கோ, இதை மணவுங்கோ." திரும்பினேன். ஒரு கை சுக்கானில். மற்றக் கை நீண்டது. வள்ளம் ஏறி இறங்கியது, நான் ஆடினேன், உலகமே ஆடியது. அந்தக் கை மட்டும் ஆடவில்லை. புளிப்பு மணம் வீசுகிற ஒரு தேசிக்காய் நேராக வந்து என் உள்ளங்கையில் இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்து பார்த்த சோதனைகளில் அதைப் போல நிறைவான ஒன்று இல்லை. தேசிக்காயைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தியால் வந்த கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகொரு நாள் தவமணி அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் ஒரே பெயர்தான், பொய்க்கார டொக்டர். கரையில் நின்று, "பொய்க்கார ஐயா வாறார், இடம் விடுங்கோ" என்று கத்துவான். தொண்ணூறில் யுத்தத்தால் தீவுகள் வெறுமையானபோது அவர்களும் போனார்கள். வள்ளம் என்ன ஆனது என்று தெரியாது. பல இடம் மாறிக் கடைசியில் கனடாவில் நின்றார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில், "பொய்க்கார ஐயா சுகமோ?" என்று கேட்பான்.

போன வருசம் பொங்கல் இல்லாத ஒரு நாளில் தவமணி கூப்பிட்டாள். "ஐயா, இவருக்கு விலாவில ஒரு பக்கம் மட்டும் கொப்பளம் போட்டிருக்கு. நெருப்பு மாதிரி எரியுதாம்."

அக்கி என்று உடனே விளங்கியது. இன்றைக்கே டொக்டரிடம் போகவேண்டும், பிந்தினால் மருந்து அவ்வளவு கேட்காது என்று சொன்னேன். ஏன் வந்தது என்று கேட்டாள். "எண்பத்தாறில வந்த அதே கொப்பளிப்பான்தான், பிள்ளை. அந்த வைரசு ஒருக்கா வந்தா உடம்பை விட்டுப் போறதில்லை. நரம்பின்ர வேரில போய்ப் படுத்திருக்கும். வயசு போய் உடம்பு தளர்ந்தா எழும்பும்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் தொலைபேசி கைமாறியது. பிறகு குலத்தின் குரல் வந்தது.

"அப்ப அம்மாள் அண்டைக்குப் போகேல்லையோ?"

"போகேல்லை."

"உள்ளுக்க நிக்கிறா எண்டு சொன்னியள். அது பொய் இல்லையே?"

"இல்லைப் போலதான் கிடக்கு" என்றேன். படித்த விசயம்தான். ஆனாலும் அந்த முற்றத்தில் நான் சொன்ன சொல்லோடு அதைச் சேர்த்து இத்தனை வருசமும் யோசித்ததில்லை.

"ஐயோ, இவ்வளவு காலமும் உங்களைப் பொய்க்காரன் எண்டு கூப்பிட்டிட்டனே."

"அதை மாத்தவேண்டாம் குலம். அந்தப் பேர் எனக்குப் பழகிட்டுது."

அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போனார்கள், மருந்து கொடுத்தார்கள். கொப்பளம் காய்ந்த பிறகு தவமணி திரும்பவும் கூப்பிட்டாள். இங்கே பனி கொட்டுகிறது, வேப்பிலைக்கு எங்கே போவது என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்: "தண்ணி எப்ப வார்க்கிறதெண்டு நீங்கள்தான் ஐயா சொல்லவேணும்."

"ஒரு கோப்பை நிறையத் தண்ணியை அவரிட்டைக் குடும், பிள்ளை. உம்மட்டை நீட்டச் சொல்லும்" என்றேன்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் தவமணியின் குரல்.

"ஒரு துளியும் சிந்தேல்லை ஐயா."